பாதியில் நின்ற ஃபிளாஷ்: பழைய கார் ஈசியூ ஒன்றை வீட்டிலேயே மீட்டு, திரும்ப எழுதிய விவரம்

வண்டி: நான்காம் தலைமுறை வோக்ஸ்வேகன் கோல்ஃப், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி): பாஷ் எம்இ7.5. கோளாறு: ஓபிடி போர்ட் (ஸ்கேனர் மாட்டும் இடம்) வழியாக ஃபிளாஷை, அதாவது ஈசியூவின் நிரல் இருக்கும் நினைவகத்தை, எழுதிக்கொண்டிருந்தபோது தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. சாவியைத் திருப்பினால் செக் இன்ஜின் விளக்கு எரிவதில்லை. ஸ்கேனருக்கு ஈசியூ பதில் சொல்வதே இல்லை. முடிவு: ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்து பூட் மோடில் (ஃபிளாஷ் கெட்டாலும் செயலி வெளியில் இருந்து நிரலை ஏற்கும் நிலை) மீட்டாயிற்று. செய்ய நினைத்த மாற்றமும் பிறகு சிக்கலின்றி எழுதப்பட்டது. வேறு ஈசியூ வாங்கும் தேவை வரவில்லை.

இந்த வேலையில் அலட்சியம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஃபைலை இரண்டு முறை படித்து ஒப்பிட்டிருந்தார்கள், செக்சம் (ஃபைல் பிழையின்றி இருக்கிறதா எனச் சோதிக்கும் கூட்டு எண்) சரி செய்திருந்தார்கள், பேட்டரியில் சார்ஜரும் மாட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும் ஏன் நின்றது, நின்றது ஏன் உயிரில்லாத ஈசியூவில் போய் முடிந்தது என்ற இரண்டும் தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் விடை தேடினால்தான் அடுத்த முறை துணிந்து எழுத முடியும்.

மாற்ற வேண்டியிருந்தது மிகக் கொஞ்சம்

பழைய இன்ஜெக்டர்கள் தேய்ந்துபோய், அவற்றுக்குப் பதிலாக அதே எரிபொருள் அழுத்தத்தில் 10 சதவீதம் கூடுதலாகப் பாயும் இன்ஜெக்டர்கள் போடப்பட்டிருந்தன. ஈசியூவுக்கு இது தெரியாது. பழைய கணக்கிலேயே திறப்பு நேரத்தைக் கொடுக்கும், கலவை செறிவாகும், ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ மெல்ல மெல்லக் குறைக்கும். இந்த வண்டியில் ஸ்கேனர் காட்டும் அளவீட்டுத் தொகுதி 032-இன் இரண்டாம் கட்டத்தில், அதாவது பகுதிச் சுமைத் திருத்தத்தில், மதிப்பு மைனஸ் 9 பக்கம் நின்றது. 1-ஐ 1.10 ஆல் வகுத்தால் 0.909. ஆகவே அந்த 9 சதவீதம் கணக்குக்குச் சரியாகவே பொருந்துகிறது, வேறு கோளாறு எதுவும் அதில் ஒளிந்திருக்கவில்லை.

இதை முறையாகச் சரிசெய்ய ஃபைலில் இரண்டு இடங்கள் போதும். ஒன்று கேஆர்கேடிஇ என்ற மாறிலி: தேவையான எரிபொருள் அளவை இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமாக மாற்றும் எண் இது. பழைய மதிப்பை 0.909 ஆல் பெருக்க வேண்டும். மற்றது டிவியூபி அட்டவணை: பேட்டரி வோல்டேஜ் குறையக் குறைய இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் கூடுதல் நேரம். புது இன்ஜெக்டருக்கான எண்களை அதன் தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் இருந்துதான் எடுக்க வேண்டும், ஊகித்துப் போடக் கூடாது. இதில் தவறினால் நெடுஞ்சாலையில் எல்லாம் சரியாக இருக்கும், ஐடிலில் மட்டும் இன்ஜின் தடுமாறும். ஐடிலில் திறப்பு நேரமே மிகக் குறைவு, அதனால் பிழையின் பங்கு அங்கே பெரிதாகத் தெரியும்.

இன்ஜெக்டர் அளவு எந்த அழுத்தத்தில் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். 3 பாரில் அளந்த இன்ஜெக்டரை 4 பார் எரிபொருள் அழுத்த ரெகுலேட்டரில் போட்டால் பாய்வு சுமார் 15 சதவீதம் கூடிவிடும். ரெகுலேட்டர் மேலேயே எண் பொறித்திருக்கும்.

புகைக் கட்டுப்பாட்டைக் கண்காணிக்கும் பகுதிகளில் கை வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. கேடலிடிக் கன்வெர்ட்டர் சோதனை, பின்பக்க ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றை அணைத்து எழுதுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அதோடு, கோளாறு வந்தால் சொல்லும் வாயையும் அது அடைத்துவிடுகிறது.

ஃபிளாஷின் அமைப்பு

எம்இ7.5-க்குள் சி167 வகை செயலி, 29எஃப்800பிபி என்ற 1 மெகாபைட் ஃபிளாஷ் சிப், 95040 என்ற 512 பைட் ஈஈபிராம் ஆகியவை உள்ளன. ஃபிளாஷில் நிரலும் மேப்களும் (நிரல் பார்த்து நடக்கும் எண் அட்டவணைகள்) இருக்கும். ஈஈபிராமில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) தகவல், வண்டியின் அடையாள எண், ரகசிய எண் ஆகியவை இருக்கும். இரண்டும் வேறு வேறு சிப்கள். ஃபிளாஷ் பேக்கப் கையில் இருப்பதால் எல்லாமே பத்திரம் என்று நினைப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. ஈஈபிராம் கெட்டால் இன்ஜின் பிடித்து ஓரிரு வினாடியில் அணைந்துவிடும், ஈசியூ பூட்டப்பட்டது என்று 17978 கோடு வரும். இந்த வண்டியிலும் முதல் முறை ஈஈபிராமைப் படித்து வைத்திருக்கவில்லை.

ஃபிளாஷ் செக்டர்களாகப் பிரிந்திருக்கும். தொடக்கத்தில் 16, 8, 8, 32 கிலோபைட் என நான்கு சிறிய செக்டர்கள், அதன்பின் 64 கிலோபைட் அளவில் 15 செக்டர்கள். ஃபிளாஷில் ஒரே ஒரு பைட்டை மாற்ற வேண்டும் என்றாலும் அந்த செக்டர் முழுவதையும் அழித்துத்தான் எழுத முடியும். எழுதும்போது 1-ஐ 0 ஆக்க முடியும், 0-வை 1 ஆக்க முடியாது. அதற்கு அழித்தல் மட்டுமே வழி. அழித்த செக்டரைப் படித்தால் எல்லாப் பைட்டும் எஃப்எஃப் (எல்லாப் பிட்டும் 1) என்று வரும்.

எம்இ7.5-இல் மேப்கள் ஹெக்ஸ் (16 அடிப்படை எண்) முகவரி 10000 முதல் 1எஃப்எஃப்எஃப்எஃப் வரை இருக்கின்றன. சிறிய செக்டர்கள் நான்கும் முடிந்தபின் வரும் முதல் 64 கிலோபைட் செக்டர் அதுதான். ஆகவே இந்த மாற்றத்துக்கு அந்த ஒரு செக்டரும், செக்சம் மாறும் இடங்களும் போதும். ஆனால் எழுதியவர் தேர்ந்தெடுத்ததோ முழு 1 மெகாபைட்.

ஓபிடி போர்ட்டும் ஈசியூவும் பேசிக்கொள்ளும் வயரான கே-லைனின் வழக்கமான 10,400 பாட் (வினாடிக்கு 10,400 பிட்) வேகத்தில் வினாடிக்கு அதிகபட்சம் 1,040 பைட் போகும். 10,48,576 பைட்டுக்கு 1,008 வினாடி, அதாவது கிட்டத்தட்ட 17 நிமிடம், அதுவும் பதில் வரும் தாமதத்தைச் சேர்க்காமல். 64 கிலோபைட்டுக்கு 63 வினாடி. மென்பொருள் வேகத்தைக் கூட்டினாலும் 16-க்கு 1 என்ற இந்த விகிதம் மாறாது. ஆபத்தான நேரத்தை 17 நிமிடமாக வைத்துக்கொள்வதா, ஒரு நிமிடமாக வைத்துக்கொள்வதா என்பது ஒரே ஒரு தேர்வில் முடிந்துவிடுகிறது.

ஏன் நின்றது

ஃபைல் படித்த சமயம் இன்ஜின் குளிர்ந்திருந்தது. எழுதுவதற்கு முன் திருத்த மதிப்புகளைப் பார்க்க வண்டியை ஓட்டியிருக்கிறார்கள், ஆறும் முன்பே எழுதவும் தொடங்கிவிட்டார்கள். சாவி ஆனில் இருக்க, இடையில் ரேடியேட்டர் ஃபேன் சுழன்றது. மாட்டியிருந்த சார்ஜர் 4 ஆம்பியர் மட்டுமே தரக்கூடிய சாதாரண பேட்டரி சார்ஜர். ஃபேன் ஒன்றே அதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

மீட்ட பிறகு இதே நிலையைத் திரும்ப உருவாக்கிப் பார்த்ததில் சந்தேகம் தீர்ந்தது. ஓபிடி போர்ட்டின் 16-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் நடுவே, குறைந்தபட்ச மதிப்பைப் பிடித்து வைக்கும் மல்டிமீட்டரை வைத்து, அதே பேட்டரி, அதே சார்ஜரோடு சாவியை ஆன் செய்ததில் 12.3 வோல்ட். ஃபேனை ஓடவிட்டதும் 10.9 வோல்ட். கே-லைனில் 0, 1 என்பவை நிலையான வோல்டேஜ் அளவுகள் அல்ல. பேட்டரி வோல்டேஜில் எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்தவை. பேட்டரி திடீரென இறங்கும் அந்தக் கணத்தில் கேபிளும் ஈசியூவும் பிட்களை வேறு வேறாகப் படிக்க இடம் உண்டு. மென்பொருளின் பதிவில் கடைசியாக இருந்ததும் அதுவே: செக்சம் பொருந்தாத பாக்கெட் ஒன்று, அதை அடுத்துப் பதில் வராத வரிகள்.

சாதாரண சார்ஜரில் இன்னொரு குறையும் உண்டு. வெளியீட்டில் ஏற்ற இறக்கம் அதிகம், சிலவற்றில் பேட்டரியைப் புதுப்பிக்கும் துடிப்புகளும் வரும். ஃபிளாஷ் எழுதத் தேவை ஸ்டெபிலைஸ் செய்த பவர் சப்ளை, அல்லது சப்ளை மோட் உள்ள சார்ஜர். 13.5 வோல்ட்டில் வைத்து, 30 ஆம்பியர் வரை தரக்கூடியதாக இருந்தால் ஃபேன் சுழன்றாலும் அசையாது. இன்ஜினை ஓடவிட்டு ஆல்டர்னேட்டர் கரண்டில் எழுதலாம் என்ற யோசனைக்கு இடமே இல்லை. எழுதும்போது இன்ஜினை இயக்கும் நிரல்தான் அழிக்கப்படுகிறது.

இந்த வண்டியில் இல்லை என்றாலும் இந்த வகை வண்டிகளில் தவறாமல் பார்க்க வேண்டியது வெளியில் வாங்கிப் போட்ட ஸ்டீரியோ. கம்பெனி ரேடியோ கனெக்டரில் கே-லைன் வயரும் வருகிறது. வெளி ஸ்டீரியோவை நேராகச் செருகினால் அந்த வயர் தவறான இடத்தில் போய்ச் சேர்ந்து தொடர்பைக் கெடுக்கும். எழுதும் முன் ஸ்டீரியோவின் கனெக்டரையே கழற்றிவிடுவது நல்லது, ஆஃப் செய்தால் மட்டும் போதாது.

ஏன் செத்தது

எழுதுவது பாதியில் நின்ற எல்லா ஈசியூவும் செத்துவிடாது. ஓபிடி வழியாகப் பதில் சொல்லும் நிரலும் அதே ஃபிளாஷில்தான் இருக்கிறது. அந்தப் பகுதி தப்பியிருந்தால் ஈசியூ எழுதும் நிலையிலேயே காத்திருக்கும், திரும்ப எழுதச் சொன்னால் ஏற்கும். ஆகவே தொடர்பு அறுந்த நிமிடத்தில் சாவியை அணைக்கக் கூடாது, பேட்டரியைக் கழற்றக் கூடாது, கேபிளைப் பிடுங்கக் கூடாது. ஃபேன், விளக்கு போன்ற சுமைகளை நிறுத்தி, வலுவான சப்ளையை மாட்டி, அதே ஃபைலை மறுபடி எழுத முயல வேண்டும்.

இங்கே நடந்தது வேறு. வோல்டேஜ் இறங்கிய நிலையிலேயே மறுமுயற்சி தொடங்கியது, அதுவும் அழிக்கும் கட்டத்தில் நின்றது. பிறகு பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்காகச் சாவியை அணைத்து டெர்மினலைக் கழற்றினார்கள். பின்னர் பூட் மோடில் படித்த ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது: முதல் 64 கிலோபைட்டுக்குள் ஒரு செக்டர் முழுவதும் எஃப்எஃப், வரி வரியாக வேறு எழுத்தே இல்லை. முழு ஃபிளாஷையும் எழுதத் தேர்ந்தெடுத்ததால்தான், தொடவே தேவையில்லாத அந்தத் தொடக்கச் செக்டர்களும் அழிக்கும் பட்டியலில் சேர்ந்தன.

மேசையில் மீட்டது

கோல்ஃபில் ஈசியூ வைப்பருக்குக் கீழே, மழைநீர் வடியும் தொட்டியில் இருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, அதன்பின் கனெக்டர்களை எடுக்க வேண்டும். மூடி பசையால் ஒட்டியிருக்கும். ஹாட் ஏரால் ஓரத்தை மெல்லச் சூடாக்கி, பிளாஸ்டிக் தகட்டை நுழைத்துச் சுற்றிவரத் திறக்கலாம். ஸ்க்ரூடிரைவரை உள்ளே ஆழமாகக் குத்தினால் போர்டின் ஓரத்தில் உள்ள சிறு உறுப்புகள் பெயர்ந்துவிடும். கையில் ஸ்டேடிக் பட்டை அவசியம்.

மேசையில் வயர் கொடுத்த விதம்: கனெக்டரின் 1, 2-ஆம் பின்கள் கிரவுண்ட். 3, 21, 62-ஆம் பின்கள் பிளஸ் 12 வோல்ட். 43-ஆம் பின் கே-லைன். ஓபிடி கேபிளின் 7-ஆம் பின் அந்த 43-க்கும், 16 பிளஸ்ஸுக்கும், 4-உம் 5-உம் கிரவுண்டுக்கும் போகும். எம்இ7 என்ற பெயரில் பல வகைகள் இருப்பதால், இந்த எண்களை அந்தந்த வண்டியின் வயரிங் படத்தோடு ஒப்பிட்ட பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். பவர் சப்ளையில் கரண்ட் வரம்பு 1 ஆம்பியர். மேசையில் ஈசியூ சும்மா இருக்கும்போது அதில் பாதி கூட இழுக்காது. ஆன் செய்ததும் வரம்பைத் தொட்டால் எங்கோ ஷார்ட், உடனே அணைக்க வேண்டும்.

பூட் மோடின் சூட்சுமம் செயலியிலேயே இருக்கிறது. ரீசெட் ஆகும் கணத்தில் பி0எல்.4 என்ற கால் தாழ்ந்திருந்தால், சி167 ஃபிளாஷில் உள்ள நிரலைப் பார்க்காது. சீரியல் வழியாக ஒரு பூஜ்யப் பைட்டுக்காகக் காத்திருந்து, தன் அடையாளப் பைட்டைப் பதிலாக அனுப்பி, அடுத்து வரும் 32 பைட்டை நிரலாக ஏற்றி ஓட்டும். ஃபிளாஷ் முழுவதும் காலியாக இருந்தாலும் இது வேலை செய்யும். மீட்பு மென்பொருள் அந்த 32 பைட்டில் தொடங்கித்தான் தன் பெரிய நிரலை உள்ளே ஏற்றுகிறது.

அந்தக் கால் ஃபிளாஷ் சிப்பின் 24-ஆம் பின்னோடு இணைந்திருக்கிறது, அது டேட்டா லைன் 4. புள்ளி உள்ள மூலை 1. அங்கிருந்து அந்தப் பக்கம் முழுவதும் எண்ணினால் 22. எதிர்ப்பக்கத்தில் 22-க்கு நேராக உள்ள மூலை 23, அதற்கு அடுத்தது 24. மூலையில் இருக்கும் அந்த 23-ஆம் பின்னில்தான் 5 வோல்ட் சப்ளை வருகிறது. இரண்டு பின்களுக்கும் இடைவெளி 1.27 மில்லிமீட்டர். நடுங்கும் கையில் பிடித்த வெறும் வயர் 24-இல் இருந்து நழுவினால், 5 வோல்ட் நேராகக் கிரவுண்டில் இறங்கும். எனவே வெறும் வயர் வைக்காமல், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டைக் கொடுத்து, முனையில் மெல்லிய ஊசி வைத்தார்கள். நழுவினாலும் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவதை இரண்டு பேர் தனித்தனியே செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வரிசை இதுதான்: ஊசியை 24-இல் வைத்து, பிறகு பவர் ஆன், சில வினாடி பிடித்து, ஊசியை எடுத்து, அதன்பின் மென்பொருளில் இணைப்பு. ஊசியை எடுக்க மறந்தால் டேட்டா லைன் தாழ்ந்தே இருக்கும், படிக்கும் ஃபைல் முழுவதும் தவறாக வரும். இணைப்பு கிடைக்காவிட்டால் பவரை அணைத்து முதலில் இருந்து தொடங்க வேண்டும், ஓடும் கரண்டில் ஊசியை வைத்துப் பயனில்லை.

இணைந்ததும் முதலில் எழுதவில்லை. ஈஈபிராமின் 512 பைட்டை இரண்டு முறை படித்து ஒப்பிட்டார்கள், இரண்டும் ஒன்றாக இருந்தன. பிறகு கெட்ட நிலையில் இருந்த ஃபிளாஷையும் படித்து வைத்தார்கள். மேலே சொன்ன எஃப்எஃப் வரிகள் தெரிந்தது அந்தப் படிப்பில்தான். அதற்குப் பிறகே மாற்றம் எதுவும் செய்யாத மூல ஃபைல், முழு 1 மெகாபைட், எழுதப்பட்டது. எழுதியதைத் திரும்பப் படித்து பைட் பைட்டாக ஒப்பிட்டதில் வேறுபாடு இல்லை. ஊசி இல்லாமல் பவரை ஆன் செய்தபோது ஈசியூ தன் பாக எண்ணைச் சொன்னது. அதுவரை வண்டியில் மாட்டவில்லை.

ஈஈபிராம் ஃபைலில் வண்டியின் அடையாள எண்ணும் ரகசிய எண்ணும் இருப்பதால் அதை இணையத்தில் யாருக்கும் பகிரக் கூடாது. உதவி கேட்கும் அவசரத்தில் பலரும் இதைச் செய்துவிடுகிறார்கள்.

மாற்றத்தை எழுதியது

இந்த முறை இன்ஜின் முழுக்க ஆறியிருந்தது. 13.5 வோல்ட் சப்ளை பேட்டரியில், மல்டிமீட்டர் ஓபிடி பின்னில். ரேடியேட்டர் ஃபேன், ப்ளோயர் ஆகியவற்றின் ஃபியூஸ்கள் வெளியே, கதவுகள் மூடியபடி. மடிக்கணினி சார்ஜரில், உறக்க மோடும் யூஎஸ்பி மின்சேமிப்பும் தானியங்கி அப்டேட்டும் அணைத்தபடி, நடுவில் ஹப் இல்லாமல். கேபிளில் யூஎஸ்பியை சீரியலாக மாற்றும் எஃப்டிடிஐ சிப். அதன் லேட்டன்சி டைமர் இயல்பாக 16 மில்லிவினாடியில் இருக்கும், 1-க்கு இறக்கினால் காத்திருப்பு குறைந்து தொடர்பு சீராகும்.

ஃபைலில் கேஆர்கேடிஇ, டிவியூபி தவிர வேறெதுவும் மாறவில்லை என்பதை மூல ஃபைலோடு ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். செக்சம் மென்பொருளில் சரி செய்து, அதே மென்பொருளில் திரும்பத் திறந்து சோதித்ததில் பிழை பூஜ்யம். எம்இ7-இல் செக்சம் ஒன்றல்ல, பல அடுக்கு. ஒன்று விடுபட்டாலும் பி0601 அல்லது பி0605 போன்ற கோடு வரும், சில சமயம் இன்ஜினே பிடிக்காது. ஹெக்ஸ் எடிட்டரில் கையால் இரண்டு பைட்டை மாற்றி நேராக எழுதிப் பார்ப்பது இந்த ஈசியூவில் ஆகாது.

மாறிய செக்டர்களை மட்டும் எழுதும் தேர்வில் வேலை சட்டென முடிந்தது. மீட்டர் பிடித்து வைத்த குறைந்தபட்சம் 13.3 வோல்ட். சாவியை அணைத்து, அரை நிமிடம் விட்டு, திரும்ப ஆன் செய்து கோடுகளை அழித்தார்கள். பேட்டரி கழற்றப்பட்டிருந்ததால் த்ராட்டில் அடாப்டேஷன் (த்ராட்டிலின் நிலைகளை ஈசியூ புதிதாகக் கற்பது) தேவைப்பட்டது: இன்ஜினை இயக்காமல் சாவி ஆனில், அடிப்படை அமைப்புத் தொகுதி 060, ஏடிபி ஓகே என்று வரும்வரை பெடலைத் தொடாமல். இதைச் செய்யாவிட்டால் ஐடில் ஏறி இறங்கும், குற்றம் புது ஃபைலின் மேல் விழும்.

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து, நகரிலும் நெடுஞ்சாலையிலுமாக ஓட்டிய பின் 032-இல் இரண்டு மதிப்புகளும் பூஜ்யத்தை ஒட்டி நின்றன. முதல் கட்டமான ஐடில் திருத்தம் மட்டும் விலகியிருந்திருந்தால் டிவியூபி எண்களையோ, காற்றுக் கசிவையோ சந்தேகிக்க வேண்டியிருக்கும். இரண்டாம் கட்டம் மட்டும் என்றால் கேஆர்கேடிஇ அல்லது எரிபொருள் அழுத்தம்.

இனி எந்த எம்இ7-இலும் முதல் மாற்றத்தை எழுதும் முன், ஈசியூவை மேசைக்குக் கொண்டுவந்து பூட் மோடில் இணைத்து, ஃபிளாஷ், ஈஈபிராம் இரண்டையும் படித்துவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அரை நாள் வேலை அது. ஆனால் மீட்கும் வழி திறந்திருக்கிறதா, ஊசி எங்கே வைக்க வேண்டும், கேபிள் பூட் மோடில் பேசுகிறதா என்பதெல்லாம் வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். ஓபிடியில் எழுதுவது வசதிக்கான வழி. மேசையில் திரும்பும் வழியைச் சோதிக்காதவருக்கு அந்த வசதி சூதாட்டம்தான்.

மூடியை ஒட்டும்போது நியூட்ரல் வகை சிலிகான் போட வேண்டும். வினிகர் வாசம் வரும் சிலிகானில் அசிட்டிக் அமிலம் வெளிப்பட்டுத் தாமிரத் தடங்களை அரிக்கும். ஈசியூவைத் திரும்ப வைக்கும் முன் மழைநீர்த் தொட்டியின் வடிகால் துளைகளில் இலைச் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வடிகிறதா எனச் சோதிக்க வேண்டும்.